பிளாஸ்டிக்ல கரண்ட் ஓட வைக்கிற பாலிமரை எப்படி செய்றாங்க, சீப்புன்னு சொல்றது நிஜமா?

பிளாஸ்டிக் கரண்டை கடத்தாது, அதனாலதான் ஒயர் மேல அதை சுத்தி வெச்சிருக்குன்னு ஸ்கூல்ல படிச்சோம், அப்புறம் எப்படி பிளாஸ்டிக்லயே டிரான்சிஸ்டரும் சோலார் செல்லும் பண்றாங்க, அந்த பாலிமரை லேப்ல எப்படி தயாரிக்கிறாங்க, எடை லேசு, விலை கம்மின்னு எல்லாரும் சொல்றாங்களே அது நிஜமா, காலேஜ் லேப்ல எதாவது பண்ணிப் பாக்க முடியுமான்னு கேட்டிருக்கீங்க. இந்த பாலிமர்களை பல வருஷம் கையால பண்ணினவன்ங்கிற முறையில சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க. முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். பேப்பர் மேல இங்க் அடிக்கிற மாதிரி சர்க்யூட் அடிச்சிடலாம், அதனால சீப்புன்னு எல்லாரும் பிரிண்டிங் மெஷினைத்தான் காட்டுவாங்க. விலை முடிவாகிறது அதுக்கு ரொம்ப முன்னாடி, ஃபிளாஸ்க்குக்குள்ள. மோனோமர், அதாவது பாலிமர் செயினா கோக்கிற ஒத்தைத் துண்டு, எத்தனை ஸ்டெப்ல வருது, எவ்வளவு சுத்தமா வருது, அதை கோத்தா செயின் எவ்வளவு நீளமா வளருதுங்கிறதுலதான் எல்லாம் இருக்கு.

முதல்ல ஏன் கடத்துதுன்னு பாப்போம். சாதாரண பாலித்தீன் பையை எடுத்துக்கோங்க, அதுல இருக்கிற ஒவ்வொரு கார்பனுக்கும் நாலு கை, நாலும் பக்கத்து அணுக்களை இறுக்கிப் பிடிச்சிட்டிருக்கு, எந்த எலக்ட்ரானும் நகர வழியே இல்ல. இப்ப ஒரு சிங்கிள் பாண்ட், ஒரு டபுள் பாண்ட், மறுபடி ஒரு சிங்கிள், ஒரு டபுள்னு மாறி மாறி வர்ற செயினை நினைச்சுப் பாருங்க. இங்க ஒவ்வொரு கார்பனும் மூணு கையாலதான் பிடிச்சிருக்கு, நாலாவது எலக்ட்ரான் செயினுக்கு மேலயும் கீழயும் ஒரு மேகம் மாதிரி நிக்குது, பக்கத்து கார்பனோட மேகமும் இதோட கலந்துடுது. பை (π) எலக்ட்ரான்கள்னு சொல்ற இதெல்லாம் செயின் நெடுக பரவியிருக்கும். இப்படிப்பட்ட பாலிமரைத்தான் கான்ஜுகேட்டட் பாலிமர்னு சொல்றோம்.

அப்ப உலோகம் மாதிரி கடத்தணுமேன்னு தோணும். எல்லா பாண்டும் ஒரே நீளமா இருந்திருந்தா கிட்டத்தட்ட அப்படித்தான் ஆகியிருக்கும். ஆனா ஒரு பாண்ட் குட்டை, அடுத்தது நெட்டைன்னு ஜோடி ஜோடியா சேர்ந்துகிட்டா செயினோட மொத்த எனர்ஜி குறையுது, அதனால செயின் தானாவே அப்படி ஆயிடுது. பியர்ல்ஸ் டிஸ்டார்ஷன்னு இதுக்குப் பேர். அதுல எலக்ட்ரான் தாண்டியாக வேண்டிய ஒரு எனர்ஜி இடைவெளி, பேண்ட் கேப், விழுந்துடுது. பாலிஅசிட்டிலீனுக்கு அது சுமார் 1.5 எலக்ட்ரான் வோல்ட், சிலிக்கானுக்கு 1.1. ஆக நம்ம கையில கிடைக்கிறது செமிகண்டக்டர். கண்ணுக்குத் தெரியிற வெளிச்சத்தோட எனர்ஜியும் கிட்டத்தட்ட இந்த அளவுலதான் இருக்கு, அதனால இந்த பாலிமர் எல்லாமே நல்ல அழுத்தமான கலர்ல இருக்கும், மஞ்சள், ஆரஞ்சு, ஊதா, நீலம்னு. கலரைப் பாத்தே செயின் எப்படி வளர்ந்திருக்குன்னு பாதி சொல்லிடலாம், இதைப் பத்தி கீழ வருவேன்.

இது கண்டுபிடிச்ச கதை பலருக்குத் தெரிஞ்சிருக்கும், இருந்தாலும் சொல்லாம விட மனசு வரல. 1967 வாக்குல டோக்கியோவுல ஹிடேகி ஷிரகாவா வேலை பாத்த லேப்ல, அசிட்டிலீன் கேஸை பாலிமர் ஆக்குற ரியாக்ஷன்ல கேட்டலிஸ்ட் ஆயிரம் மடங்கு கூடுதலா விழுந்துடுச்சு, வழக்கமா வர்ற கருப்புப் பொடிக்கு பதிலா திரவத்து மேல உலோகம் மாதிரி மினுங்குற ஒரு ஆடை படிஞ்சுது. காய்ச்சின பால் மேல ஏடு படியுமே, அப்படி. குளிர் நிலையில பண்ணினா செப்புக் கலர், சூட்டுல பண்ணினா வெள்ளிக் கலர். அப்புறம் ஆலன் மெக்டயர்மிட் ஷிரகாவாவை பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்கு கூப்பிட்டார், அங்க ஆலன் ஹீகரும் சேர்ந்தார், அந்த ஃபிலிம்ல அயோடின் ஆவியைப் பட விட்டதும் கடத்துதிறன் கோடி மடங்கு அளவுக்கு ஏறிடுச்சு. 1977ல பேப்பர் வந்துச்சு, 2000ல மூணு பேருக்கும் வேதியியல் நோபல். அயோடின் அங்க என்ன பண்ணுச்சுன்னா, செயின்ல இருந்து எலக்ட்ரானைப் பிடுங்கிடுச்சு, பிடுங்கின இடத்துல ஒரு பள்ளம், அந்தப் பள்ளம் செயின் நெடுக நகருது. அதைத்தான் டோப்பிங்னு சொல்றோம்.

இங்க நிறைய பேர் குழம்புற ஒரு விஷயத்தைப் பிரிச்சுடலாம். டோப் பண்ணின பாலிமர் கண்டக்டர், ஒயர் வேலை, எலக்ட்ரோடு வேலை பாக்கும். டோப் பண்ணாதது செமிகண்டக்டர், டிரான்சிஸ்டர், சோலார் செல், வெளிச்சம் விடுற எல்இடி எல்லாத்துலயும் நடுவுல இருக்கிற லேயர் அதுதான். முதல் வகையில கொஞ்சம் அழுக்கு இருந்தா சமாளிச்சுடலாம். ரெண்டாவது வகையில லட்சத்துல ஒரு பங்கு அழுக்கு இருந்தாலும் வேலையைக் கெடுத்துடும். நான் பேசப்போறது பெரும்பாலும் இந்த ரெண்டாவது வகையை.

சரி, செயின் கடத்தும்னு தெரிஞ்சாச்சு, அதை எப்படி ஃபிலிம் ஆக்குறது? வெறும் பாலிஅசிட்டிலீனோ, வெறும் பாலிதயோஃபீனோ எடுத்தா எந்த சால்வென்ட்லயும் கரையாது, சூடு பண்ணினா உருகவும் உருகாது, கருகித்தான் போகும். செயின்கள் தட்டையா விறைப்பா இருக்கிறதால ஒண்ணு மேல ஒண்ணு ஓலைப்பாய் அடுக்கின மாதிரி இறுகிடும். 1990ல கேம்பிரிட்ஜ்ல ரிச்சர்ட் ஃப்ரெண்ட் குழு பாலிமர்ல இருந்து முதல்முதலா பச்சை மஞ்சள் வெளிச்சம் வர வெச்சப்பவும் இதே பிரச்சனைதான், அவங்க கரையக்கூடிய ஒரு முன்னோடி பாலிமரை பூசி, அப்புறம் சூடு பண்ணி அதை கடைசி பாலிமரா மாத்தினாங்க. வேலை ஆகும், ஆனா சூட்டுல வெளியேறுற துணைப்பொருள் எல்லாம் ஃபிலிமுக்குள்ள வம்பு பண்ணும்.

இன்னொரு வழி, இன்னிக்கு எல்லாரும் பண்றது, செயினோட பக்கவாட்டுல ஆறு, எட்டு, சில சமயம் இருபது கார்பன் நீளத்துக்கு கொழுப்பு மாதிரி வால்களை ஒட்ட வைக்கிறது. இந்த வால்கள் சால்வென்ட்டோட கலந்து செயினையும் கூட இழுத்துட்டு வந்துடும். பிரச்சனை என்னன்னா வால் கரண்டை கடத்தாது, வெறும் இன்சுலேட்டர். வால் நீளமானா நல்லா கரையும், ஆனா செயினும் செயினும் தள்ளிப் போயிடும், கரண்ட் ஒரு செயின்ல இருந்து அடுத்த செயினுக்கு தாவ முடியாது. குட்டையா வெச்சா கரையவே கரையாது. கிளை பிரிஞ்ச வால், நேரான வால், கிளை எந்த கார்பன்ல பிரியணும்னு மாத்தி மாத்தியே ஒரு பிஎச்டி போயிடும், நான் மிகையா சொல்லல, வாலோட கிளையை ஒரு கார்பன் தள்ளி வெச்சதுலயே டிரான்சிஸ்டரோட வேகம் பல மடங்கு மாறினதை நேர்ல பாத்திருக்கேன்.

இப்ப மெயின் விஷயம், மோனோமர்களை கோக்கிறது. இதுக்கு மேல சொல்ற எல்லாத்துக்கும் ஒரு சின்ன கணக்கு அடிப்படை. ஸ்டெப் குரோத்னு சொல்ற பாலிமரைசேஷன்ல ஒவ்வொரு துண்டும் எதிர்ல வர்ற எந்த துண்டோடயும் சேரும், ஒண்ணு ரெண்டாகும், ரெண்டு நாலாகும். நூறு முனைகள்ல தொண்ணூத்தஞ்சு சேர்ந்துடுச்சுன்னா சராசரி செயின் நீளம் என்ன தெரியுமா, வெறும் 20 துண்டு. 99 சதவீதம்னா 100. 99.5னா 200. சாதாரண ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில 95 சதவீதம் ஈல்டு வந்தா குதிப்போம், இங்க அதே 95 வந்தா அந்த பேட்ச் தூக்கிப் போடத்தான் லாயக்கு. செயின் குட்டையா இருந்தா ஃபிலிம் உடையும், பொடியும், கரண்டும் ஓடாது, ஏன்னா ஃபிலிமுக்குள்ள ஒழுங்கா அடுக்கின குட்டி குட்டி தீவுகள் இருக்கும், ஒரு தீவுல இருந்து அடுத்த தீவுக்கு பாலம் போடுறது நீளமான செயின்கள்தான். பி3எச்டிங்கிற பாலிமர்ல (ஆறு கார்பன் வால் வெச்ச பாலிதயோஃபீன்) செயின் நீளத்தை மட்டும் பத்து மடங்கு கூட்டினதுல எலக்ட்ரிக் சார்ஜோட மொபிலிட்டி, அதாவது அது எவ்வளவு சுலபமா நகருதுங்கிற அளவு, ஆயிரக்கணக்கான மடங்கு ஏறினதை 2003 வாக்குலயே அளந்து காட்டிட்டாங்க.

அதே கணக்குல இன்னொரு கண்ணி இருக்கு. ரெண்டு வகை மோனோமர், ஒண்ணுல ரெண்டு பக்கமும் புரோமின், இன்னொண்ணுல ரெண்டு பக்கமும் போரான் இல்லேன்னா டின், ரெண்டும் சரிக்கு சரி இருந்தாத்தான் செயின் வளரும். ஒண்ணு 5 சதவீதம் குறைஞ்சா, ரியாக்ஷன் நூத்துக்கு நூறு நடந்தாலும், 39 துண்டுக்கு மேல சராசரி நீளம் போகவே போகாது, எல்லா முனையிலயும் கூடுதலா இருக்கிறவன் நின்னு கதவை சாத்திடுவான்.

இது எனக்கு நடந்ததுதான். ஒரு போரான் மோனோமரை நாலு ஸ்டெப்ல பண்ணி, காலம்னு (column) சொல்ற பிரிக்கிற குழாய்ல ஓட்டி, ஹெக்சேன்ல கிரிஸ்டல் எடுத்து, அழகா வெள்ளையா இருக்குன்னு ராத்திரி மட்டும் பம்ப்ல காய வெச்சு, மறுநாள் தராசுல நாலாவது தசமம் வரைக்கும் பாத்து எடை போட்டு ரியாக்ஷன் வெச்சேன். ரெண்டு நாள் ஆச்சு, திரவம் தண்ணி மாதிரியே ஓடிட்டு இருக்கு. பாலிமர் வந்திருந்தா தேன் மாதிரி கெட்டியாகி ஸ்டிர் பார் திணறியிருக்கணும். கலரும் சிவப்புலயே நின்னுடுச்சு, ஊதாவுக்குப் போகல. அப்புறம் மீதி இருந்த மோனோமரை என்எம்ஆர்ல (சாம்பிள்ல என்னென்ன மாலிக்யூல் இருக்குன்னு காட்டுற மெஷின்) போட்டு நிதானமா பாத்தா ஹெக்சேனோட பீக் சின்னதா உக்காந்திருக்கு, கணக்கு போட்டா எடையில கிட்டத்தட்ட அஞ்சு சதவீதம். கிரிஸ்டலுக்குள்ள சால்வென்ட் சிக்கியிருந்திருக்கு, நான் மோனோமர்னு நினைச்சு எடை போட்டதுல ஒரு பங்கு வெறும் ஹெக்சேன். ஒன்றரை மாச வேலை. அன்னிலேர்ந்து மோனோமரை கொஞ்சம் சூட்டுல, எடை மாறாம நிக்கிற வரைக்கும் காய வெச்சு, எடை போடறதுக்கு முன்னாடி அதே நாள் என்எம்ஆர் எடுக்காம நான் பாலிமரைசேஷன் வெச்சதே இல்ல. புதுசா வர்றவங்களுக்கு முதல்ல சொல்லித் தர்றதும் இதுதான்.

ரியாக்ஷன் எப்படி நடக்குதுன்னு கொஞ்சம் கிட்ட போய் பாப்போம். கார்பனையும் கார்பனையும் ஒட்ட வைக்கிறது பல்லேடியம். இந்த வகை கப்ளிங்குக்குத்தான் 2010ல ஹெக், நெகிஷி, சுசுகி மூணு பேருக்கும் நோபல் குடுத்தாங்க. போரான் வெச்சு பண்ணினா சுசுகி, டின் வெச்சு பண்ணினா ஸ்டில்லே. சுசுகின்னா டோலுயீன்ல மோனோமர் ரெண்டையும் கரைச்சு, பொட்டாசியம் கார்பனேட் கரைச்ச தண்ணியை ஊத்தி, ரெண்டும் எண்ணெயும் தண்ணியுமா பிரிஞ்சு நிக்குமே அதுக்காக கொஞ்சம் ஃபேஸ் டிரான்ஸ்ஃபர் ஏஜென்ட் போட்டு, ஆக்சிஜனை முழுசா வெளியேத்தணும். திரவ நைட்ரஜன்ல உறைய வெச்சு, பம்ப் போட்டு உறிஞ்சி, மறுபடி உருக விட்டு, இதையே மூணு தடவையாவது பண்ணுவோம். உருகும்போது குமிழ் குமிழா கேஸ் வெளிய வரும், மூணாவது தடவை குமிழே வராது, அப்பதான் நிம்மதி. ஆக்சிஜன் இருந்தா பல்லேடியம் கருப்பா செத்துப் போறது ஒரு பக்கம், போரான் மோனோமர் தனக்குத் தானே சேர்ந்து செயின்ல தப்பான இணைப்பை உண்டாக்குறது இன்னொரு பக்கம். அந்தத் தப்பான இணைப்பை வெளிய எடுக்கவே முடியாது, அது செயினோட உடம்புலயே தைச்சிருக்கும். மத்த கெமிஸ்ட்ரியில தப்பா வந்ததை கழுவிப் பிரிச்சுடலாம், பாலிமர்ல தப்பும் சரியும் ஒரே நூல்ல கோத்திருக்கும்.

கேட்டலிஸ்ட் போட்டு 90, 100 டிகிரில விட்டா முதல் பத்து நிமிஷத்துலயே வெளிர் மஞ்சள் ஆரஞ்சாகும், அரை மணியில சிவப்பு, அப்புறம் பாலிமரைப் பொறுத்து ஊதாவோ கரும்பச்சையோ. செயின் நீள நீள பை எலக்ட்ரான் பரவுற தூரம் கூடுது, பேண்ட் கேப் சுருங்குது, பாலிமர் சிவப்புப் பக்கத்து வெளிச்சத்தை உறிஞ்ச ஆரம்பிக்குது. பதினஞ்சு இருபது துண்டுக்கு மேல கலர் பெரிசா மாறாது, அப்புறம் கெட்டியாகுறதைத்தான் பாக்கணும். கடைசில ரெண்டு முனையிலயும் மிச்சமிருக்கிற புரோமினையும் போரானையும் பென்சீன் மாதிரி சாதுவான ஒண்ணை வெச்சு மூடிடணும், அப்படியே விட்டா அந்த முனைகள் டிவைஸ்ல கரண்டைப் பிடிச்சு வெச்சுக்கும்.

அப்புறம் சுத்தம் பண்ற வேலை, பாக்க ரொம்ப அழகா இருக்கும். ஃபிளாஸ்க்ல இருக்கிறதை மெத்தனால்ல சொட்டு சொட்டா விட்டா ஒவ்வொரு சொட்டும் உள்ள விழுந்ததும் நூல் நூலா சுருண்டு பிரியும். நூலா வந்தா நல்ல நீளம், தூளா வந்தா செயின் குட்டைன்னு அப்பவே தெரிஞ்சுடும். அதை வடிகட்டி, காகிதக் குப்பியில போட்டு சாக்ஸ்லெட்ல, அதாவது சால்வென்ட்டை கொதிக்க வெச்சு திரும்பத் திரும்ப கழுவுற கண்ணாடிக் கருவியில, ஏத்துவோம். முதல்ல மெத்தனால், கேட்டலிஸ்ட் மிச்சமும் உப்பும் போகும். அப்புறம் அசிட்டோன், அப்புறம் ஹெக்சேன், இதுல குட்டை செயின்கள் ஆரஞ்சுக் கலர்ல கரைஞ்சு கீழ இறங்கும். ஒவ்வொண்ணும் ஒரு நாள் ஓடும். கடைசில குளோரோஃபார்ம் ஊத்தினா நமக்கு வேண்டிய நீளமான செயின் கருஊதாவா இறங்கும். பல்லேடியம் மட்டும் சுலபத்துல போகாது, நானோ துகளா பாலிமருக்குள்ள ஒளிஞ்சிருக்கும், அதைப் பிடிக்கிற டைதயோகார்பமேட் மாதிரி கெமிக்கல் தண்ணியில கரைச்சு பல தடவை கலக்கணும். ஒரே ரெசிப்பி, ஒரே ஆள், ரெண்டு பேட்ச், டிவைஸ்ல போட்டா ரெண்டு ரிசல்ட், காரணம் பெரும்பாலும் செயின் நீள வித்தியாசம் இல்லேன்னா இந்த உலோக மிச்சம்.

டின் வெச்சு பண்ற ஸ்டில்லே பத்தி வெளிப்படையா சொல்லணும். தயோஃபீன்ங்கிற கந்தகம் இருக்கிற வளையம் வர்ற பாலிமருக்கு அதுதான் நல்லா வேலை செய்யும், சோலார் செல்லுக்கு சாதனை படைச்ச பாலிமர்கள் பெரும்பாலும் அதுலதான் வந்தது. ஆனா ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு டிரைமெதில்டின் குப்பை விழும், அது நரம்பு மண்டலத்தைத் தாக்குற விஷம். கிராம் கணக்குல லேப்ல கவனமா பண்ணிடலாம். கிலோ கணக்குல, டன் கணக்குல பண்ணி இது பசுமையான டெக்னாலஜி, சீப்பான டெக்னாலஜின்னு சொல்றதை என்னால ஒத்துக்க முடியல.

அதனாலதான் பி3எச்டி மேல எனக்கு இன்னும் பெரிய மரியாதை. தயோஃபீன் வளையத்துல ஒரு ஆறு கார்பன் வால், அவ்வளவுதான் மோனோமர், ரெண்டு பக்கமும் புரோமின். வளையம் சமச்சீரா இல்லாததால கண்டபடி கோத்தா வாலும் வாலும் இடிச்சுகிட்டு வளையங்கள் முறுக்கிக்கும், முறுக்கினா பை மேகம் அறுந்துடும். எல்லா வாலும் ஒரே திசையில வரிசையா வரணும். 1992ல ரிச்சர்ட் மெக்கல்லோ அதுக்கு வழி கண்டுபிடிச்சார், 1999ல அதையே ரொம்ப சுலபமாக்கினாங்க: மோனோமர்ல ஒரு கிரிக்னார்டு ஏஜென்ட்டை (மெக்னீசியம் இருக்கிற கெமிக்கல்) விடு, ஒரு பக்க புரோமின் மெக்னீசியமா மாறும், நிக்கல் கேட்டலிஸ்ட் போடு, ரூம் சூட்டுலயே அரை மணிக்குள்ள பாலிமர். ரெண்டு முனையும் ஒரே மோனோமர்லயே இருக்கிறதால எடை சரிக்கு சரி இருக்கணுங்கிற தலைவலியே இல்ல. 2004ல இன்னொரு அருமையான விஷயம் தெரிஞ்சுது, நிக்கல் ஒரு செயினைப் பிடிச்சா விடாம அதோட முனையிலயே நடந்துகிட்டு ஒவ்வொண்ணா சேர்க்குது. அதாவது நூறு மோனோமருக்கு ஒரு நிக்கல் போட்டா ஏறக்குறைய நூறு துண்டு நீளம், இருநூறுக்கு ஒண்ணு போட்டா இருநூறு. நீளத்தை நாமளே முடிவு பண்ணலாம். கரைசல்ல பளிச்சுன்னு ஆரஞ்சா இருக்கும், கண்ணாடி மேல ஊத்தி சால்வென்ட் ஆவியாக ஆக ஓரத்துல இருந்து ஊதா ஏறிகிட்டே வரும், காஞ்சதும் ஒரு உலோக மினுமினுப்பு. நூறு தடவை பாத்தாச்சு, இன்னும் அலுக்கல.

விலைக்கு வருவோம். நம்ம ஃபிலிம் 100 நானோமீட்டர் தடிமன். ஒரு சதுர மீட்டர் முழுக்க பூசினா கன அளவு ஒரு கன சென்டிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு, எடை சுமார் 0.1 கிராம். வீணாறதையும் சேர்த்து ரெண்டு மூணு மடங்குன்னு வெச்சாலும் கிராமுக்குள்ளதான். சிலிக்கான் கிரிஸ்டலை 1414 டிகிரிக்கு மேல உருக்கி வளர்க்கணும், இங்க 150 டிகிரிக்குள்ள எல்லா வேலையும் முடிஞ்சுடும், அதனால வளையிற பிளாஸ்டிக் ஷீட் மேலயே பூசலாம், ரோல் ரோலா ஓட்டலாம். லேசு, வளையும்ங்கிறது இதனாலதான், அதுல எந்த சந்தேகமும் வேண்டாம்.

ஆனா இன்னிக்கு சோலார் செல்லுல ரெக்கார்டு எஃபிஷியன்ஸி குடுக்கிற பாலிமர்களோட மோனோமரை எடுத்துப் பாருங்க, பத்து பன்னெண்டு ஸ்டெப், நடுவுல மைனஸ் 78 டிகிரில லித்தியம் ரியாக்ஷன், நாலஞ்சு தடவை காலம்ல பிரிக்கிறது, ஒவ்வொரு ஸ்டெப்லயும் 80 சதவீதம் வந்தாலும் பத்து ஸ்டெப் முடியிறப்ப கையில மிஞ்சுறது பத்துல ஒரு பங்கு. மீதி ஒன்பது பங்கும் சால்வென்ட்டோட சேர்ந்து குப்பைக்குப் போகுது. அந்த பாலிமரை வெச்சு சின்ன லேப் செல்கள்ல 19 சதவீதத்தைத் தாண்டினது பெருமையான விஷயம், நான் குறைச்சு சொல்லல. ஆனா சதுர மீட்டர் கணக்குல அதை விக்க முடியுமாங்கிறது வேற கேள்வி. என் அபிப்பிராயத்துல ரெண்டு சதவீதம் எஃபிஷியன்ஸி குறைஞ்சாலும் நாலு ஸ்டெப்ல வர்ற பாலிமர்தான் ஜெயிக்கும்.

இங்க எனக்கு நம்பிக்கை தர்றது டைரக்ட் அரைலேஷன். போரானும் வேண்டாம், டின்னும் வேண்டாம், வளையத்துல சும்மா இருக்கிற ஹைட்ரஜனையே எடுத்துட்டு அந்த இடத்துல புரோமினோட கார்பனை ஒட்ட வைக்கிறது. பல்லேடியம் அசிட்டேட், பொட்டாசியம் கார்பனேட், கூட கொஞ்சம் பிவாலிக் ஆசிட், இந்த ஆசிட் பல்லேடியத்தோட சேர்ந்து ஹைட்ரஜனைக் கழட்டுற வேலையைப் பாக்கும். ரெண்டு ஸ்டெப் மிச்சம், டின் குப்பை பூஜ்யம். குறை என்னன்னா வளையத்துல வேற ஹைட்ரஜனும் இருக்கும், சில சமயம் அதையும் கழட்டிடும், செயின் நடுவுல கிளை பிரியும், ரொம்ப பிரிஞ்சா எல்லாம் சேர்ந்து கரையாத ஜெல் ஆயிடும். முதல் தடவை நான் பண்ணினப்ப ஃபிளாஸ்க்ல இருந்து கரண்டியால சுரண்டி எடுக்க வேண்டியதாப் போச்சு. டெம்பரேச்சரைக் குறைச்சு, சால்வென்ட்டை மாத்தி, பல்லேடியத்தோட ஒட்டிக்கிற பருமனான மாலிக்யூல் (லிகண்ட்) போட்டா கிளை குறையும். எல்லா மோனோமருக்கும் ஒரே ரெசிப்பி இன்னும் இல்ல, ஒவ்வொண்ணுக்கும் உக்காந்து கண்டுபிடிக்கணும், ஆனா உழைக்கிறதுக்கு தகுதியான இடம் இதுதான்னு மனசார சொல்வேன். இன்னொண்ணு சால்வென்ட். குளோரோபென்சீன்ல கரைச்சு ஃபேக்டரியில பூச எந்த நாட்டுலயும் சுலபத்துல விட மாட்டாங்க, சைலீன் மாதிரி குளோரின் இல்லாததுல கரையிற வாலை முதல்லயே பிளான் பண்ணணும்.

இப்ப எங்க எங்க நிஜமா ஓடுதுன்னு கேட்டா, நீங்க எதிர்பாக்குற இடத்துல இல்ல. போன்லயும் டிவியிலயும் இருக்கிற ஓஎல்இடி பெரும்பாலும் பாலிமர் கிடையாது, வேக்குவம்ல ஆவியாக்கிப் படிய வைக்கிற சின்ன மாலிக்யூல். கம்ப்யூட்டர் சிப்ல சிலிக்கானோட இடத்தை பாலிமர் பிடிக்காது, சிலிக்கான் கிரிஸ்டல்ல எலக்ட்ரான் மொபிலிட்டி 1400ங்கிற அளவு, நம்ம நல்ல பாலிமர் ஒண்ணு ரெண்டு, பி3எச்டி 0.1. ஆனா மதர்போர்டுல இருக்கிற சாலிட் கெபாசிட்டர் நிறையத்துக்குள்ள கான்ஜுகேட்டட் பாலிமர்தான் உக்காந்திருக்கு, பாலிபைரோலோ, பெடாட்னு சொல்ற தயோஃபீன் வகை பாலிமரோ. பெடாட்டோட பிஎஸ்எஸ்ங்கிற இன்னொரு பாலிமரைச் சேர்த்து தண்ணியில கலக்கிற கருநீல மை 1980கள் கடைசில பேயர் கம்பெனியில இருந்து வந்தது, ஃபோட்டோ ஃபிலிம் சுருள்ல நிலை மின்சாரம் ஏறாம இருக்க பூசினாங்க. அப்படியே பூசினா கடத்துதிறன் ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு சீமன்ஸ்கூட வராது, அதுல கொஞ்சம் எத்திலீன் கிளைக்காலோ டிஎம்எஸ்ஓவோ விட்டா நூத்துக்கணக்குல ஏறிடும். இன்னிக்கு மூளை, நரம்பு சிக்னலைப் பிடிக்கிற மெல்லிய சென்சார்கள்ல அதே பொருள்தான், ஈரத்துல வேலை செய்யும், உடம்போட வளையும். வளையிறதும் லேசா இருக்கிறதும் நிஜமா தேவைப்படுற இடம் அது.

கடைசியா, காலேஜ் லேப்ல எதாவது பண்ணிப் பாக்க முடியுமான்னு கேட்டிருந்தீங்க. பல்லேடியம், க்ளவ்பாக்ஸ் (காத்து புகாத பெட்டி) எதுவும் இல்லாம பாலிஅனிலின் பண்ணலாம். ஃபியூம் ஹூட்ல, கிளவுஸ் போட்டு, மேற்பார்வைக்கு ஆள் வெச்சு பண்ணுங்க, அனிலின் தோல் வழியா உள்ள போற விஷம். 0.4 மோலார் அனிலின் ஹைட்ரோகுளோரைடு, 0.5 மோலார் அமோனியம் பெர்சல்ஃபேட் (கலந்ததும் 0.2, 0.25 ஆயிடும்), ரெண்டும் தனித்தனியா தண்ணியில, சம அளவு, ஒண்ணா ஊத்தி லேசா கலக்கி விட்டுடுங்க. சில நிமிஷம் ஒண்ணும் நடக்காது, அப்புறம் நீலம் தட்டும், கருநீலம், கடைசில கரும்பச்சைப் பொடி. மறுநாள் வடிகட்டி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் ஆசிட்லயும் அசிட்டோன்லயும் கழுவி, காய வெச்சு, பிரஸ்ல வில்லையா அழுத்துங்க, சரியா வந்திருந்தா சென்டிமீட்டருக்கு சுமார் 4 சீமன்ஸ் கடத்தும். மல்டிமீட்டரோட ரெண்டு முனையை வெச்சு ரீடிங் எழுதிக்கோங்க. அப்புறம் அதை அமோனியா கரைசல்ல ஊற வெச்சுட்டு எடுங்க. பச்சை நீலமா மாறியிருக்கும், மீட்டர் ஏறக்குறைய ஒண்ணும் ஓடலன்னு காட்டும், டோப்பிங்கைக் கழுவி எடுத்துட்டீங்க. மறுபடி ஆசிட்ல போடுங்க, பச்சை திரும்பி வரும்.